பட்டி பார்த்த ஜன்னல்

அன்பானவளே,

புகைமூட்டம் விலகும்வரை விமானம் எதுவும் கிளம்பாது என்று விமான நிறுவனத்துக்காரர் இன்று காலை போனில் உறுதியாகச் சொல்லிவிட்டார். விமானம் மாற இறங்கிய ஊரிலேயே, விடுதி அறையில் அடைந்து கிடக்கிறேன். அத்தைக்கு என் வணக்கம். நீயும் வயிற்றில் இருப்பவரும் நலம்தானே? கால் வீக்கம் வடிந்ததா?

எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, வேறொன்றுமில்லை. குரலைக் கேட்டால் பயப்படுவாய் என்றுதான் இதை எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

என்னோடு ஊர் திரும்பும் பெயின்டர் அண்ணனுக்குக் கை சும்மா இருக்காது. ஜன்னல் இடுக்கில் புகை நுழைகிறது என்று, சுவர் விரிசலை அடைக்கப் பெட்டியில் வைத்திருந்த பட்டி மாவைக் குழைத்து நேற்று சுற்றிலும் பூசிவிட்டார். புகை குறைந்தது. ஆனால் மாவு இறுகி, ஜன்னலைத் திறக்க முடியவில்லை.

"அண்ணே, நல்ல காத்து வந்தா எப்படித் தொறக்கறது?"

"நான் பட்டி பாத்தா பாத்ததுதான் தம்பி. உளி வச்சுத்தான் எடுக்கணும்."

பெருமையை வேறு பார்! விடுதிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

ஓர் உதவி செய். சமைக்கும்போது எனக்குப் போன் போட்டு, பக்கத்தில் வைத்துக்கொண்டு நீயே பேசிக்கொண்டிரு. என்னால் உம் கொட்ட முடியாது. விரலால் போனைத் தட்டுகிறேன்.

வியாழக்கிழமை மாலை காற்று வீசும் என்கிறது வானிலை அறிவிப்பு. வீசினால் வெள்ளிக்கிழமை விமானம். டாக்டர் உன் பிரசவத்துக்குக் குறித்தது சனிக்கிழமை. போனில் சார்ஜ் தீரப்போகிறது, முடிக்கிறேன். நான் வந்து சேரும்வரை அவசரப்பட வேண்டாம் என்று உள்ளே இருப்பவரிடம் சொல்லி வை.

உன்னவன்