தெருமுனைச் சத்தம்

ஜூன் 3

அன்பு வாயாடிக்கு,

போனில் நீ கத்துவதும், நான் "என்ன? என்ன?" என்று திருப்பிக் கத்துவதும், பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்ப்பதும் போதும் தாயே. ஒர்க்‌ஷாப் என் காதைத் தின்றுவிட்டது. கண்ணும் கையும் மிச்சம் இருக்கின்றன, அதனால் கடிதம்.

உன் குட்டி பிக்கப் வந்து சேர்ந்தது. பெட்ரோல் இன்ஜின் செத்துவிட்டது, இனி வைத்தியம் பார்ப்பது வீண். செடியும் மண்தொட்டியும் ஏற்றிக்கொண்டு அந்த மேட்டில் ஏற உனக்கு டீசல்தான் சரி. நல்ல இன்ஜின் ஒன்று கைவசம் இருக்கிறது. கோபப்படாமல் படி. உன் அண்ணன் காரில் இருந்ததைத்தான் எடுத்து மாட்டப்போகிறேன்.

லாரி பின்னாலிருந்துதானே இடித்தது. முன்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. அவன் போன நாளிலிருந்து ஷெட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. நேற்று இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. இரும்பு என்ன பாவம் செய்தது? அம்மாவிடம் மட்டும் மூச்சு விடாதே. பானெட்டை மூடிவிட்டால் உள்ளே இருப்பது எந்த இன்ஜின் என்று யாருக்குத் தெரியப்போகிறது?

உன் அப்பா


ஜூன் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் படித்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இங்கே வாடகை வண்டிக்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்கிறார், கட்டிவைத்த செடியெல்லாம் வாடி நிற்கிறது. வண்டி இல்லாமல் இந்த நர்சரியை இனிமேல் தள்ள முடியாது. அண்ணன் இருந்திருந்தால் "எடுத்துக்கோடி, எனக்கு எதுக்கு?" என்றுதான் சொல்லியிருப்பான்.

சரி, மாட்டுங்கள். ஆனால் அம்மாவுக்குத் தெரியவே கூடாது. அவள் இப்போதுதான் சாயங்காலமானால் வாசலையே பார்த்துக்கொண்டு உட்காருவதை விட்டிருக்கிறாள். அது திரும்ப ஆரம்பித்தால் என்னால் தாங்க முடியாது அப்பா.

உங்கள் வாயாடி


ஜூலை 2

அன்பு வாயாடிக்கு,

இன்ஜின் உட்கார்ந்துவிட்டது! செயின் பிளாக்கில் தூக்கி இறக்கினால் விரல்கடை இடம் பற்றவில்லை. இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங்கை வெட்டி, வெல்டர் தள்ளி வைத்து ஒட்டிக்கொடுத்தார். உன் வண்டியின் கியர்பாக்ஸ் இதோடு சேருவேனா என்று முறைத்தது. நடுவே ஒரு இரும்புத் தகடு கடைந்து வைத்து இரண்டுக்கும் சம்பந்தம் பேசி முடித்தோம். சைலன்சரும் அண்ணன் காரில் இருந்ததுதான், வீணாக்குவானேன் என்று நசுங்கிய வால்குழாயை மட்டும் வெட்டி, வேறு குழாய் நீட்டிப் போட்டுவிட்டேன்.

ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். சாவியைத் திருப்பினால் பெட்ரோல் வண்டி அடங்கும், இது அடங்காது. நிறுத்துவதற்கென்று டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு கம்பி வைத்திருக்கிறேன். அதை இழுக்காவிட்டால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

ஓட்டிப் பார்க்க வேண்டுமே என்று தினமும் அதில்தான் வீட்டுக்கு வருகிறேன். இதில் ஒரு கூத்து கேள். உன் அம்மாவுக்கு என் மேல் திடீரென்று பாசம் பொங்குகிறது! கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கேட் திறக்காத மகராசி, இப்போது நான் தெருமுனை திரும்பும்போதே அகலத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறாள். வாசல் விளக்கு எரிகிறது. தலைகூட வாரியிருக்கிறாள். நான் இறங்கியதும் என்னைத் தாண்டி வண்டிக்குள் எட்டிப் பார்ப்பாள். "என்ன தேடுறே?" என்றால், "ஒண்ணுமில்ல, வாங்க" என்று என் பையை வாங்கிக்கொள்கிறாள். கண் பட்டுவிடப் போகிறது, யாரிடமும் சொல்லாதே.

உன் அப்பா


ஜூலை 9

அப்பா,

அந்தக் கேட் உங்களுக்காகத் திறக்கவில்லை.

அண்ணன் கார் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டால் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாளே, உங்களுக்கு ஞாபகம் இல்லையா? "என் புள்ளைக்கு ஹாரனே வேணாம், வண்டிச் சத்தம் போதும்" என்று பெருமையடிப்பாளே. நீங்கள் பானெட்டை மூடினீர்கள். சத்தத்தை யார் மூடுவது? உங்களுக்குக் கேட்காது, அதனால் தோன்றவில்லை. காது கேட்கிற எனக்கும் தோன்றவில்லையே, என்னை என்ன சொல்ல?

இனி அந்த வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அம்மாவிடம் பேசுங்கள். ப்ளீஸ் அப்பா.

வாயாடி


ஜூலை 15

வாயாடிக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தேன். கேட் சாத்தியிருந்தது.

என் முகத்தைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கையைப் பிடித்து எதிரே உட்கார வைத்தாள். நான் உதட்டைப் பார்த்துப் படிக்கத் தோதாக மெதுவாகப் பேசினாள்.

"அவன் இன்ஜின்தானே?"

"எப்போலேருந்து தெரியும்?"

"முதல் நாளே தெரியும். சத்தம் அவனோடது. இறங்குறது நீங்க. தினமும் இதேதான்."

"தெரிஞ்சும் ஏன் திறந்தே?"

"அந்தச் சத்தம் கேட்டா, திறக்காம எப்படிங்க இருக்கிறது?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"கேட் திறந்திருக்கிறதைப் பார்த்ததும் உங்க முகம் அப்படி மலர்ந்துச்சு. எந்த வாயால சொல்றது?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் வாயாடி. நான் அழுதேன், அவள் அழவில்லை. சைலன்சரை மாற்றினால் சத்தம் மாறிவிடும், நாளைக்கே மாற்றுகிறேன் என்றேன். "அதைத் தொடாதீங்க" என்று என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "அவளுக்குப் பிழைப்பு நடக்கணும். வந்து எடுத்துட்டுப் போகட்டும். அங்கே ஓடட்டும்."

சீக்கிரம் வா.

அப்பா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். முழு லோடோடு மேட்டில் ஏறிப் பார்த்தாயிற்று, இரைக்காமல் ஏறுகிறது. வாடகை வண்டிக்காரர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

கிளம்பும்போது அம்மாவை ஏறச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். கேட்டைப் பிடித்தபடி, நான் தெருமுனை திரும்பும்வரை அசையாமல் நின்றாள்.

முதல் நாள் இங்கே வந்து நிறுத்தினேன். பழக்கத்தில் சாவியை உருவிவிட்டேன், அது அடங்கவில்லை. கம்பியை இழுக்க வேண்டும் என்று தெரியும். கை போகவில்லை அப்பா. அண்ணனை நானே நிறுத்துகிறமாதிரி இருந்தது. இருட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா எப்படி இருக்கிறாள்? என்னிடம் எதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் வாயாடி


ஆகஸ்ட் 11

அன்பு வாயாடிக்கு,

அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். உன் செடிகளைப் பற்றி விசாரிக்கிறாள். இதோடு கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். மறைக்கக் கூடாது என்றாயே, அதனால் எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் நடந்து வந்தேன். தெருமுனை திரும்பியதுமே தெரிந்தது, கேட் அகலத் திறந்திருந்தது. வாசல் விளக்கு எரிந்தது. அம்மா தலைவாரி, வண்டி உள்ளே வர இடம் விட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

"யாருக்காக திறந்து வச்சிருக்கே?" என்றேன்.

"சத்தம் கேக்கலையா?" என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

தெருவைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு வண்டியும் இல்லை. சத்தமெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். செவிடன் நான், அதை எப்படிச் சொல்வேன்?

இன்னொரு ஓரத்தில் நானும் வழி விட்டு நின்றேன்.

உன் அப்பா