நல்ல வெயில், கெட்ட காற்று

அன்புள்ள வாயாடியின் அம்மாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நேற்று போனில் நம் மகள் வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியதைக் கேட்டபின் கை வரவில்லை. உன்னிடம் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன், 'இன்னைக்கு என்ன புதுக் கதை' என்று நீ வைத்துவிட்டாய். கடிதத்தையாவது படிப்பாய் என்று எழுதுகிறேன்.

காற்றின் மாசை அளக்கும் அலுவலகத்துப் பெண் ஒருவர் ஸ்கூட்டருக்குப் பெயின்ட் அடிக்க நம் கடைக்கு வந்தார். குழந்தைக்கு மூச்சிரைப்பு, அதனால் நகரத்தை விட்டு அவள் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். ஊர் எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். வண்டிப் புகையும் என் கடைத் தின்னர் ஆவியும் வெயிலில் வெந்து ஓசோனாகுமாம். மேலே வானத்தில் இருந்தால் அது நமக்குக் குடை, தரையில் இருந்தால் நெஞ்சை அரிக்கும். மேகமோ மழையோ இருந்தால் அதிகம் உண்டாகாது. காற்று பலமாக வீசாமல் வானம் பளிச்சென்று இருக்கும் நாளில்தான் ஏறும். நாமோ மேகம் போட்டால் அவளை உள்ளே அடைத்துவிட்டு, வெயில் அடித்தால் 'போய் விளையாடு' என்று துரத்தினோம்.

அதைவிடக் குழப்பம் ஒன்று உண்டு. நெரிசலான தெருவில் வண்டிப் புகையே அந்த ஓசோனைக் கொஞ்சம் தின்றுவிடுமாம். காற்றோடு கிளம்பிய புகைதான் வழியெல்லாம் வெந்து, மதியத்துக்கு மேல் உங்கள் பக்கம் சேருமாம். 'அண்ணா, காலைல நீங்க இங்க அடிக்கிறது சாயங்காலம் அங்க போய் நிக்கும்' என்றார். தன் ஊர்க் காற்றைப் பாட்டிலில் அடைத்து விற்கலாம் என்று சகலை பீற்றிக்கொள்வாரே, அவரிடம் இதை இப்போது சொல்லாதே.

அப்படியானால் திரும்பி வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். நம் வீடு பேருந்து நிறுத்தத்தை ஒட்டி இருக்கிறது, அந்தப் புகையும் தூசும் அவளுக்கு ஆகாதே என்கிறார். அங்கே இருமுவது இதனாலா, உன் அக்கா வீட்டுப் பூனையாலா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டுமாம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வீடு வேறு வெறிச்சென்று கிடக்கிறது. நீங்கள் வரவேண்டும் என்று மனசு அடித்துக்கொள்வதால்தான் அவர் பேச்சை நம்புகிறேனோ என்றும் சந்தேகம்.

காலையில் அவளை விளையாட விடு. மதியம் முதல் வெயில் தாழும்வரை ஜன்னலைச் சாத்தி உள்ளேயே வைத்துக்கொள். அடம் பிடித்தால் பழியை என் மேல் போடு. நான் பெயின்ட் அடிப்பதைப் பொழுது சாய்ந்தபின் என்று மாற்றிவிட்டேன். ஊரே வண்டி ஓட்டும்போது நீ ஒருத்தன் ஸ்பிரே கன்னை நிறுத்தி என்ன ஆகப்போகிறது என்று பக்கத்துக் கடைக்காரர் சிரிக்கிறார். எனக்கும் தெரியவில்லை. ஆனால் வெயிலில் அதைக் கையில் எடுத்தால் அவள் இருமுவது காதில் கேட்கிறது.

வருவதா, இருப்பதா என்று டாக்டரைக் கேட்டு நீயே முடிவு செய். இந்த முறை மறுத்துப் பேசமாட்டேன். உங்கள் பக்கம் நல்ல மழை பிடிக்கட்டும். இதைப் படிக்கும்போது மதியமாக இருந்தால், பதில் எழுதுவது இருக்கட்டும், முதலில் அவளை உள்ளே கூப்பிடு.

இப்படிக்கு,
உன் பெயின்ட்காரன்