ஞாயிற்றுக்கிழமை காய்ந்த நிலம்

நோர்ட்வேன், மிச்சிகன்
1938, ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் லாம்பர்ட்டுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், குதிரை ஒன்றைத் தவிர. அங்கே நீயும் கொர்னேலியாவும் குழந்தையும் சுகமாகத்தான் இருப்பீர்கள், தண்ணீர் தானாக வடிகிற ஊரில் குடியிருப்பவர்களுக்கு என்ன குறை.

உன் அப்பாவுக்கு நீ எழுதிய கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வேதம் வாசிக்கிற நேரத்தில் வேதத்தை மூடி வைத்துவிட்டு அதை வாசித்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார், பெருமை தாங்கவில்லை மனிதருக்கு. ஓய்வுநாளை மீறுகிறவன்மேல் கர்த்தருடைய கை பாரமாக இறங்கும், தம்பி மனந்திரும்பிச் சபைக்கு முன்னால் நின்று அறிக்கையிடட்டும், நான் அவனுக்காக முழங்காலில் நிற்கிறேன் என்று எழுதியிருந்தாய். நல்ல கையெழுத்து. உன் தம்பி ஹார்ம் எதிரே உட்கார்ந்து பட்டாணி சூப்பை ஒரு சொட்டு விடாமல் வழித்துக் குடித்தான். அவன் பெண்டாட்டி டீனாதான் எழுந்து அடுப்படிக்குப் போய் வாளியை எட்டி உதைத்தாள். எனக்கும் உதைக்க வேண்டும் போல இருந்தது, என் கால் வீக்கம் உனக்குத் தெரியுமே. அதனால் எழுதுகிறேன்.

நம் கீழ் நிலத்தை நீ மறந்திருப்பாய், நினைவூட்டுகிறேன். மேலே ஒரு சாண் கறுப்பு, அதற்குக் கீழே சாம்பல் வெள்ளையாக மணல், அதற்கும் கீழே துருப்பிடித்தது போல் புள்ளி புள்ளியாக மணல், கம்பியைக் குத்தினால் இடுப்பளவு ஆழத்தில் டங்கென்று நிற்கும், அங்கே ஆரம்பிக்கிறது கல்லும் களியும் சேர்ந்து இறுகின அந்தப் பாழாய்ப்போன தரை. பனிப்பாறை இழுத்து வந்து கொட்டிவிட்டுப் போனது என்று மாவட்ட விவசாய அதிகாரி வந்து சொன்னார், உன் அப்பா அவரிடம் அதெல்லாம் நோவா காலத்து வெள்ளம்யா, போய் வேதத்த வாசிங்க என்று சொல்லி அனுப்பினார். யார் கொட்டினால் என்ன, ஒரு சொட்டுத் தண்ணீர் அதற்குள் இறங்காது. ஏப்ரலில் மேலே இருக்கிற மணல் முழுக்க ஊறிக் கிடக்கும், ஆகஸ்டில் அதே மணலில் நாக்கை நனைக்கத் தண்ணீர் இருக்காது, மக்காச்சோளத்தின் இலை சுருண்டு போகும். இரண்டுக்கும் நடுவில் விதைக்க நான்கைந்து நாள் கிடைத்தால் பெரிது. சுட்டமண் குழாய் பதித்து வடித்துவிடலாம் என்று உன் தாத்தா தோண்டினார், தோண்டத் தோண்டக் கரை சரிந்தது, பதித்த குழாய்க்குள்ளும் மாவு போல மணல் புகுந்து அடைத்துக்கொண்டது. கல்லுக்கு மட்டும் பஞ்சமில்லை, எத்தனை பொறுக்கினாலும் பனி உருகினதும் புதுசாக மேலே வந்து உட்கார்ந்திருக்கும். இது கர்த்தர் நமக்கு அளந்த பங்கு என்பார் உன் அப்பா. எதிர்வீட்டு வைனான்டுக்கு மேட்டு நிலத்தை அளந்தாரே என்று நான் கேட்கக் கூடாது.

இந்த வருஷம் மே மாதம் முழுக்க மழை. ஊரில் முக்கால்வாசிப் பேர் விதைத்து முடித்துவிட்டார்கள், நம் விதை மூட்டையில் கிடந்தது. கடைசி சனிக்கிழமை காற்று திரும்பி ஏரிப் பக்கமிருந்து அடித்தது, ஞாயிறு காலை ஆராதனை முடிந்து வரும்போது கீழ் நிலம் வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தது, மேற்கே மறுபடியும் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. உன் அப்பா சாப்பிட்டுப் படுத்தார். ஹார்ம் கோவில் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நம் குதிரை பிளெஸை ஏரில் பூட்டிக்கொண்டு கீழ் நிலத்தில் இறங்கினான். உன் தாத்தா பதித்த குழாய் உடைந்த இடம் எது என்று எவனுக்குத் தெரியும், மேலே காய்ந்த தோல், கீழே கஞ்சி. குதிரையின் முன்னங்கால் இரண்டும் உள்ளே போயிற்று, உதைக்க உதைக்க வயிறு வரை போயிற்று. அப்போது குதிரைக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை, ஆறு ஆளும் நாலு பலகையும் இருந்தால் எடுத்திருக்கலாம், இதை நான் சொல்லவில்லை, மறுநாள் வைனான்டே சொன்னான்.

ஹார்ம் மார்பு வரை சேறோடு கோவில் வாசலுக்கு ஓடி வந்தான். இரண்டாம் ஆராதனைக்கு எல்லாரும் கறுப்புக் கோட்டில் நின்றுகொண்டிருந்தோம், நம் நிலத்துக்கும் கோவிலுக்கும் ஒரு வேலிதானே. வைனான்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உன் அப்பாவிடம், ரூலோஃப், குழியில விழுந்த மாட்ட ஓய்வுநாள்லயும் தூக்கலாம்னுதானே ஆண்டவர் சொல்லியிருக்காரு என்று இழுத்தான். சபை மூப்பர் அல்லவா உன் அப்பா, அவருக்கா பதில் இல்லை. அது தானா விழுந்த மாட்டுக்குய்யா, இது கொண்டு போய் எறக்குன குதிரை, நாளைக்குக் காலைல வர்றோம் என்றார். எல்லாரும் உள்ளே போனோம். பிரசங்கம் ஆரம்பித்ததும் வழக்கம் போல பெப்பர்மின்ட் மிட்டாய் கை மாறி வந்தது, எல்லாரும் ஒன்று எடுத்தார்கள், நானும் எடுத்தேன். குதிரை கதறி நீ கேட்டதில்லை, அது லேசில் கதறாது. போதகர் குரலை உயர்த்தினார். ஒருவர் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினார். கல்லிடுக்கில் பின்னங்கால் மாட்டி ஒடிந்ததும் அப்போதுதானாம். கடைசிச் சங்கீதம் பாடும்போது வெளியே சத்தம் இல்லை. ஹார்ம் சேற்றில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் தூக்கி வைத்திருந்தானாம், கை ஓய்ந்ததும் தலை சேற்றுக்குள் போய்விட்டதாம், டீனா சொல்லித்தான் தெரியும். ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு வெளியே வந்த உன் அப்பா கடிகாரத்தைப் பார்த்துப் பால் கறக்க நேரமாச்சு என்றார். அது அவசிய வேலையாம், ஓய்வுநாளிலும் செய்யலாம். திங்கட்கிழமை விடிந்ததும் ஊரே பலகையும் கயிறுமாக வந்து நின்றது, செத்ததை இழுக்க எவ்வளவு கை, எவ்வளவு அன்பு.

இனி உன் விஷயம். போன நன்றியறிதல் நாளுக்கு நீ வந்திருந்தாய். சாப்பாடு முடிந்து உன் அப்பா தொழுவத்துக்குப் போனதும், அண்ணே, நெலம் காயுற நாளு ஞாயித்துக்கெழமையா இருந்தா என்ன பண்றது என்று ஹார்ம் உன்னைக் கேட்டான். நீ நான் சுட்ட பூசணிப் பையில் இரண்டாவது துண்டை வாயில் வைத்துக்கொண்டு, உழுதுட்டுப் போடா, குழியில விழுந்த மாட்டத் தூக்கலாம்னா பயிரும் மாடுதான், ஒரு ஞாயித்துக்கெழமைல வானம் இடிஞ்சா விழுந்துரும் என்று சொல்லிச் சிரித்தாய். நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். போதகர் பட்டம் வாங்கின அண்ணனே சொல்லிவிட்டான் என்று அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். இப்போது முழங்காலில் நிற்கிறாயாமே. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன், என் வயிற்றிலேயே பிறப்பான் என்று நினைக்கவில்லை. கீழ் நிலத்தில் மேல் தோலைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று தெரிந்த எனக்கு உன்னைத் தெரியவில்லை பார்.

இந்தப் புத்திய உனக்கு யாருடா குடுத்தது என்று மூப்பர் கூட்டத்தில் ஹார்மைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். என் புத்திதான் என்றான். ஏன் என்று உனக்குத் தெரியும். நம் போதகர் இலையுதிர் காலத்தோடு ஓய்வு பெறுகிறார், புதுப் போதகராக அழைக்க எடுத்த பெயர்களில் முதல் பெயர் உன்னுடையது, போதகர் வீட்டுச் சமையலறைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று உன் அப்பா என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஹார்மைத் திருவிருந்திலிருந்து விலக்கிவிட்டார்கள், அப்பமும் ரசமும் அவனுக்கு இல்லை. அடுத்த திருவிருந்துக்குள் சபைக்கு முன் நின்று ஓய்வுநாளை மீறியது பாவம் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் டீனாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு நிலத்தை விட்டுப் போக வேண்டும் என்று உன் அப்பா சொல்லிவிட்டார். அவனோ, குதிரைக்காக நிக்கிறேன், எத்தன நாள் வேணும்னாலும் நிக்கிறேன், ஞாயித்துக்கெழமைக்காக நிக்க மாட்டேன் என்கிறான். ஒருவருக்கு ஒருவர் இளைத்தவர்கள் இல்லை.

நேற்று நம் வீட்டு முன்னறையில் மூப்பர்கள் கூடினார்கள். காப்பிக் கூஜாவைக் கொண்டு போய் வைத்தேன், வைத்துவிட்டு வெளியே வரவில்லை. பெண் பிள்ளை அங்கே வாயைத் திறக்கக் கூடாது, தெரியும். குதிரைய எறக்கச் சொன்னவன் பேரு உங்க பட்டியல்ல மொதல்ல இருக்கு என்றேன். பிறகு பூசணிப் பை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். உன் அப்பா முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அழைப்பு உனக்கு வராது லாம்பர்ட், உன் பெயரை எடுத்துவிட்டார்கள், உன் சபைக்கும் எழுதப் போகிறார்களாம், தயாராக இரு. உன் அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார், அது எனக்கு ஒரு குறையே இல்லை. ஹார்முடைய தண்டனைதான் இதனால் துளியும் குறையவில்லை, சொன்னவன் குற்றம் வேறு செய்தவன் குற்றம் வேறு என்று தீர்த்துவிட்டார்கள். டீனா பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அவனுக்காகத்தானே சொன்னேன் என்று தொழுவத்துக்குப் போனேன். காலியாகக் கிடந்த பிளெஸ் இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவன் நிமிராமலே, ஏம்மா சொன்ன, அவனாவது வீட்டுக்கு வந்திருப்பான்ல, குதிரையும் போச்சு இப்ப அண்ணனும் போச்சு என்றான். இரண்டு பிள்ளை பெற்றேன், ஒன்று தூக்கிப் பிடித்தது, ஒன்று இறக்கிவிட்டது, கடைசியில் குற்றவாளி நான்.

குழந்தைக்குச் சளி என்று எழுதியிருந்தாய், மார்பில் கம்பளி சுற்றச் சொல், உன் பெண்டாட்டி சன்னலைத் திறந்து வைக்கிறவள். நீயும் ஈரக் காலோடு திரியாதே. கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காய்ந்த நிலத்தில் வைத்துக் காப்பாராக, உன் தம்பிக்கும் எங்கேயாவது ஒரு மேடு காட்டுவாராக. ஒன்றை மட்டும் மறக்காதே, குழியில் விழுந்த மாட்டைப் பற்றிய வசனத்தை இனிமேல் பிரசங்கத்துக்கு எடுக்காதே, எடுத்தால் அந்தக் குதிரையின் பெயரையும் சேர்த்துச் சொல்.

உன்னைப் பெற்ற
அம்மா யான்ட்யே