சந்தனம் மறைத்த தகடு

என் ஏழுமலை மச்சானுக்கு,

எழுத உட்காரவே பயமாக இருக்கிறது. சிரிக்காதே. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் இப்படிப் பயந்தால் ஊர் சிரிக்காதா என்று கேட்பாய். சிரிக்கட்டும், எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

நீ போய் ஒரு வருஷமாகிறது. கோலியனூர் வீட்டில் உன் டிரான்சிஸ்டரை யாரும் தொடுவதில்லை. உன் பெண்டாட்டி செல்வி இப்போது நம் திண்டிவனம் கிடங்கில்தான் கூட்டிப் பெருக்குகிறாள். விழுப்புரத்தில் பஸ் மாறும்போது எனக்கு முன்னால் ஓடிப்போய், "அண்ணே, எடம் போட்டுக்கினேன், வாங்க" என்று கூப்பிடுகிறாள். அந்த "அண்ணே" எனக்குத் தாங்கவில்லை. நீ எப்படிச் செத்தாய் என்று அவள் கேட்டபோது, "லோடு சரிஞ்சிடுச்சும்மா" என்பதோடு நிறுத்திக்கொண்டவன் நான்.

அன்றைக்கு முன்பாரம் தாங்காமல் வண்டியின் பின்புறம் தூக்கியது. "மச்சான், பின்னால ஏறிக் குந்து, சரியாப் பூடும்" என்றேன். எத்தனை தடவை அப்படிச் செய்திருக்கிறோம்! நீயும் பீடியை அணைத்துவிட்டு ஏறினாய். பெட்டி சரிந்ததும் தூக்கியிருந்த பின்புறம் தடாலென்று இறங்கியது. நீ தெறித்து விழுந்து சக்கரத்துக்கு அடியில் கிடந்தாய்.

இந்த வருஷமும் ஆயுத பூஜைக்கு வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். எவ்வளவு எடை தூக்கலாம் என்று பொறித்த தகடுதான் பொட்டு வைக்க வாகான இடம் என்று, வழக்கம்போல அதன்மேலேயே சந்தனமும் குங்குமமும் அப்பினார்கள். போன வருஷம் அப்பியவன் நான்தானே. எந்தச் சாமி கேட்டது அதை?

இன்று ஒரு மெஷின் பெட்டி வந்தது. தூக்கினேன், பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. "ஜல்தி! யாராச்சும் பின்னால குந்துங்கப்பா!" என்று மேஸ்திரி கத்தினார். திரும்பிப் பார்த்தால், துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஏறிக்கொண்டிருந்தாள் செல்வி.

"குந்திக்கினேன்ணே, தூக்குங்க."

ஐயோ, மச்சான்! பெட்டியை மெல்லத் தரையில் இறக்கிச் சாவியைப் பிடுங்கினேன். "எறங்கும்மா! எறங்கு!" நான் போட்ட சத்தத்தில் கிடங்கே திரும்பிப் பார்த்தது. "ஒன்னோட ஒரே பேஜாருப்பா" என்று மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். நான் துண்டை நனைத்துத் தகட்டைத் துடைத்தேன். ஆயிரத்து ஐந்நூறு கிலோ. பெட்டிமேல் இரண்டாயிரம் என்று எழுதியிருந்தது. அன்றைக்கே துடைத்துப் பார்த்திருந்தால்?

செல்வி தகட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அன்னிக்கு அவரும் இங்கதான் குந்தினாராண்ணே? யாரு குந்தச் சொன்னது?"

மேஸ்திரி என்று சொல்ல நாக்குவரை வந்தது. "நான்தாம்மா" என்றேன்.

அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் பஸ்ஸில் முன்னால் தனியாக உட்கார்ந்து வந்தாள். நாளைக்கு என்ன கேட்பாள்? உன் தங்கச்சியிடம் என்ன சொல்வாள்?

ஒன்று மட்டும் சத்தியம், மச்சான். அந்தத் தகட்டைப் பார்க்காமல் இனி எதையும் தூக்க மாட்டேன். பின்னால் ஆள் ஏறினால், வேலையே போனாலும் சாவி என் மடியில்தான் இருக்கும். செல்வி இனி எனக்கு இடம் போடாவிட்டால் நின்றுகொண்டே வருகிறேன்.

உன்னைக் குந்தச் சொன்ன,
உன் தங்கச்சி புருஷன் தண்டபாணி