மூன்று தட்டு

ஆகஸ்ட் 3, சனி

தட்டு மூன்றையும் கழுவி வாசலில் கவிழ்த்தேன். பக்கத்து வீட்டு ருக்கு எண்ணிவிட்டாள். "இன்னாடி, உங்க வூட்ல ரெண்டு பேர்தான?" சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

மூன்றாவது தட்டு உதயகுமாருடையது. என் வீட்டுக்காரர் தேவேந்திரனுக்கு வலைக்கூட்டாளி. இவரைக் கட்டி ஆறு வருஷம். அவனைப் பிடித்துப்போய் ஒரு வருஷம். ஒளிக்காமல் நானேதான் இவரிடம் சொன்னேன். மூன்று நாள் தோணியிலேயே படுத்துக்கொண்டார். நாலாம் நாள், "அவனும் இருக்கட்டும். பொய் மட்டும் வேணாம்" என்றார். மூன்று பேரும் உட்கார்ந்து ஒத்துக்கொண்ட ஒரே சட்டம் அதுதான்.

ஆகஸ்ட் 9

இதற்கு இங்கிலீஷில் பேர் இருக்காம். பாலியமரி. உதயகுமார் போனில் காட்டினான். பட்டணத்தில் கூட்டம் போட்டே பேசுகிறார்களாம். குப்பத்தில் வேறு பேர். அதை எழுதமாட்டேன்.

ஆகஸ்ட் 14

குழாயடியில் நான் போனதும் பேச்சு நின்றது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அடுத்த ஞாயிறு பாடு பிரிக்கச் சீட்டு போடுகிறார்கள். சீட்டில் விழுந்த நாள்தான் நம்ம பாடு; அன்றைக்குத்தான் ஏரியில் வலை கட்ட முடியும். கல்யாணமான ஆம்பளைக்குத்தான் சீட்டு. உதயகுமார் இவர் சீட்டில்தான் பிழைக்கிறான். ஊர் இவர் பேரை அடித்துவிட்டால் இரண்டு பேருக்கும் ஏரி இல்லை.

நாட்டாண்மை தருமலிங்கம் ஆள் அனுப்பினார். சீட்டுக்கு முன்னால், ஊர் பேசுவது நிஜமா என்று இரண்டு பேரும் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணணுமாம். என்னைக் கூப்பிடவில்லை.

"இன்னா சொல்வ?"னு இவரிடம் கேட்டேன். "உள்ளத சொல்வேன்"னார். ஆனா சோறு தின்னல. எனக்கு பயமா இருக்கு.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வந்துவிட்டார்கள். இரண்டு பேர் உள்ளங்கையிலும் கரி. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ருக்குதான் சொன்னாள். 'எனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு இவர் அணைச்சாராம். 'அவதான் சுத்திச் சுத்தி வந்தா, நான் இடம் குடுக்கல'ன்னு அவன் அணைச்சானாம்.

படுபாவிங்களா! பொய் வேணாம்னு சொன்னது யாரு? நானா?

"வலைக்கு ரெண்டு ஆள் வேணும். பொம்பளைய அவ அக்கா வூட்டுக்கு அனுப்பு"ன்னு நாட்டாண்மை முடிச்சிட்டாராம். இவர் என் பையை எடுத்து வெளியில் வைக்கிறார்.

செப்டம்பர் 6

திருப்பாலைவனம், அக்கா வீடு. இன்றைக்கு எங்கள் வீட்டுப் பாடு.

சாயங்காலம் ருக்கு போன் பண்ணினாள். இரண்டு பேரும் ஒரே தோணியில் போனார்களாம். எறா நல்லா பட்டுச்சாம். வந்ததும் எங்கள் வீட்டிலேயே ஆக்கித் தின்றார்களாம்.

"வாசல்ல ரெண்டு தட்டு கவுந்திருக்குடி"ன்னாள்.