அவர் கார்டை எடுக்கல

என் உயிருக்கு உயிரான இலியாஸ் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாற்பத்தாறு வருடம் உங்களோடு வாழ்ந்தும் உங்கள் பெயரை நான் ஒரு முறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போதும் சொல்லப் போவதில்லை. மகன் பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டால் போதும், எந்த அறையில் இருந்தாலும் திரும்பிப் பார்ப்பீர்கள்.

இந்தக் கடிதத்தை நம் பகுதித் தமிழ்ச் சங்க மலரில் அச்சிடக் கொடுக்கிறேன். வீட்டு விஷயத்தை வெளியே கொண்டுபோகாதவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் நான் செய்த தவறு மற்றவர்களுக்கும் தெரிய வேண்டிய தவறு. இலியாஸைப் போல் பிள்ளை இருக்கும் தமிழ் வீடுகள் இங்கே நம்முடையது மட்டும் இல்லை.

நீங்கள் கண்ணை மூடி மூன்று வருடம் ஆகிறது. இலியாஸுக்கு முப்பத்தெட்டு முடிந்தது. தாடியில் நரை விழுந்துவிட்டது. ரேசர் சத்தத்தை இன்னும் அவனால் பொறுக்க முடியவில்லை, அதனால் தாடியும் அப்படியே இருக்கிறது. பார்க்கிங்கில் கார் கண்டால் இன்னும் குனிந்து நம்பர் பிளேட்டை வாசிக்கிறான். கலிபோர்னியாவில் இந்த மில்பிடாஸ் வீட்டில் நானும் அவனும்தான். என் இடது முழங்காலுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. நடக்கிறேன், ஓட முடியாது. இந்த ஓட முடியாத விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

போன வசந்தத்தில் மும்பையிலிருந்து ஒரு சினிமாக் குழு இங்கே வந்தது. இந்திப் படம். கதாநாயகன் ஒரு முஸ்லிம், ஆட்டிசம் உள்ளவன். இந்த நாட்டில் அவனை எல்லோரும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள், அதுதான் கதை. உள்ளூர் ஏற்பாடுகளை நந்தினி என்ற பெண் கவனித்தாள். நாற்பது வயதிருக்கும், இங்கே பக்கத்து ஊரான டப்ளினில் குடும்பம். நூலகத்தில் என்னையும் இலியாஸையும் பல நாள் பார்த்திருக்கிறாள். அவள்தான் டைரக்டரை நம் வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

அந்த மனிதர் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இலியாஸ் எப்படிச் சாப்பிடுவான், எதற்குக் காதைப் பொத்துவான், தொழுகையில் எந்த இடத்தில் சிரிப்பான் என்று எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். என் ஆங்கிலத்தைக் கேட்டு, எந்தப் பள்ளிக்கூடம் என்றார். திருச்சி கான்வென்ட் என்றேன். அது காதில் விழுகிறது என்றார். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. நீங்கள் போன பிறகு இலியாஸைப் பற்றி என்னிடம் யாரும் மூன்று மணி நேரம் கேட்டதில்லை. மூன்று நிமிடம் கேட்டவர்களும் முகத்தில் பரிதாபத்தை வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

தொப்பி விஷயத்தில் மட்டும் அவரோடு தர்க்கம் செய்தேன். படத்தில் நாயகன் எப்போதும் தொப்பி போட்டிருப்பானாம். தலையில் எதுவும் பட்டால் இலியாஸ் தாங்கமாட்டான், உங்கள் நாயகன் மட்டும் எப்படித் தாங்குவான் என்று கேட்டேன். பார்க்கிறவர்களுக்கு முஸ்லிம் என்று தெரிய வேண்டுமே மேடம் என்றார். தொப்பியே இல்லாமல் என் மகனை இந்த ஊர் கண்டுபிடித்துவிடுகிறதே என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டார். தொப்பி படத்தில் வரவில்லை. பார்த்தீர்களா, என் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு என்று அன்றைக்கு நினைத்தேன்.

பிறகு நீங்கள் சொல்லிக்கொடுத்த பாடத்தைப் பற்றிச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

படிக்கிறவர்களுக்காக இங்கே அதை எழுத வேண்டும். பல வருடத்துக்கு முன்னால், தாடிக்காரன் ஒருவன் கார்களுக்குள் எட்டிப் பார்க்கிறான் என்று யாரோ போன் செய்து, இலியாஸைச் சுற்றி இரண்டு போலீஸ் கார் நின்றது. நீங்கள் செருப்பில்லாமல் ஓடினீர்கள். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுதுவிட்டு அவனை கராஜுக்குக் கூட்டிப் போனீர்கள். கறுப்புக் கண்ணாடி மாட்டி, பெல்ட்டில் டார்ச் லைட்டைச் செருகி, நீங்களே போலீஸ் ஆனீர்கள். போலீஸைப் பார்த்தால் நிற்க வேண்டும். தரையில் உட்கார வேண்டும். முழங்கால் மேல் இரண்டு கையையும் விரித்து வைக்க வேண்டும். எனக்கு ஆட்டிசம், சட்டைப் பாக்கெட்டில் கார்டு இருக்கிறது, என் அம்மாவுக்கு போன் செய்யுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அவன் நிலையையும் நம் போன் நம்பரையும் எழுதிய அந்தக் கார்டை அவன் எடுக்கவே கூடாது, போலீஸ்தான் எடுக்க வேண்டும். கை பாக்கெட்டுக்குப் போனால் சுடுவார்கள் என்று என்னிடம் சொன்னீர்கள். அவனிடம் அந்தக் காரணத்தைச் சொல்லவில்லை. கார்டை எடுத்துப் படித்து, "தேங்க் யூ, சார்" என்று அவன் கையைக் குலுக்குவீர்கள். அந்தக் குலுக்கலுக்காகவே அவன் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருப்பான். நீங்கள் படுக்கையில் விழும்வரை ஒரு வாரம் தவறவில்லை.

இதைக் கேட்டதும் டைரக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இது என் படத்தில் வர வேண்டும் என்றார். இலியாஸ் நடிக்க வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும், நாயகன் அவனைப் பார்த்துக் கற்றுக்கொள்வார் என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். படத்தைப் பார்க்கிற ஜனங்கள் நாளைக்கு என் மகனைத் தெருவில் பார்த்தால் பயப்படாமல் இருப்பார்கள் என்று நம்பினேன். அதுவும் உண்மை. புகழ்ச்சியில் மயங்கினேன் என்பதும் உண்மை.

மூடிக்கிடந்த ஒரு கடைவரிசையின் பார்க்கிங் இடத்தில் காலை பத்து மணிக்குப் படப்பிடிப்பு. எனக்கும் இலியாஸுக்கும் மடக்கு நாற்காலி போட்டார்கள். நாயகன் வந்து அவனுக்கு சலாம் சொன்னார். நல்ல மனிதர், இரண்டு நாள் அவனோடு உட்கார்ந்து பழகியிருந்தார். போலீஸாக நடித்தவர் ஒரு வெள்ளைக்காரர். உடுப்போடு அவர் நடந்து வந்ததுமே இலியாஸ் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து கையை விரித்துவிட்டான். மூன்று வாக்கியமும் பிசகாமல் வந்தன. அந்த நடிகர் திகைத்துப் போனார். நந்தினி காதில் சொன்னதும் குனிந்து கார்டை எடுத்து, படித்து, கை குலுக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். உங்களை நினைத்துக்கொண்டேன்.

அதோடு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

படத்தில் அந்தக் காட்சி வேறு மாதிரி. நாயகன் உட்காருகிறான், கையை விரிக்கிறான், மூன்று வாக்கியமும் சொல்கிறான். போலீஸ்காரன் கேட்பதில்லை. குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை வைத்து அழுத்துகிறான். கார்டு பாக்கெட்டிலேயே இருக்கிறது. ஜனங்கள் நெஞ்சு பதற வேண்டிய இடம் அது. எனக்குத் தெரியும், கதையை முன்பே படிக்கக் கொடுத்திருந்தார்கள். தெரிந்தும் அவனை அங்கே உட்கார வைத்திருந்தேன். நடிப்புதானே, அவனிடம் சொல்லியிருக்கிறோமே என்று நினைத்தேன்.

மூன்று டேக்கில் டைரக்டருக்குத் திருப்தி. எனக்கு இல்லை. நாயகன் கையைக் கவிழ்த்து வைத்தார். உள்ளங்கை மேலே தெரிய வேண்டும் என்று நந்தினியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அடுத்த முறை வாக்கியத்தின் வரிசை மாறியது. அதையும் சொன்னேன். பிறகு குரல் நடுங்கியது, இலியாஸ் குரல் நடுங்காது என்றேன். மேடத்துக்குக் கழுகுக் கண் என்றார் டைரக்டர். எல்லாம் சேர்ந்து ஒன்பது டேக். ஆறு டேக் என்னால். நான் நாயகனின் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவன் முகத்தைப் பார்க்கவில்லை.

காரில் ஏறினதும் இலியாஸ் சொன்னான்.

"அவர் கார்டை எடுக்கல."

"அது சினிமாப்பா. நடிப்பு."

"ஒம்பது தடவை. அவர் கார்டை எடுக்கல."

வீடு வரும்வரை அதையே சொன்னான். ஒரு வாரம் சொன்னான். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டான். மறந்துவிட்டான் என்று நினைத்தேன். எதையுமே மறக்காத பிள்ளையைப் பெற்றவள் நான்.

அடுத்த மாதம் காய்கறி வாங்கிக்கொண்டு கடைக்கு வெளியே வந்தோம். வேறு ஏதோ வேலையாக ஒரு போலீஸ் கார் பார்க்கிங்குக்குள் திரும்பியது. இலியாஸ் என் கையை உதறிவிட்டு ஓடினான். இவ்வளவு பெரிய உடம்பு, நரைத்த தாடி, போலீஸைக் கண்டு ஓடுகிறான். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆறு வரிசைச் சாலையைக் குறுக்கே கடந்தான். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. போலீஸ்காரர் இறங்கி நில், நில் என்று கத்தினார். நானும் கத்தினேன். அவர் கை இடுப்புக்குப் போனதைப் பார்த்தேன். நான் தக்காளிப் பையோடு அவருக்கும் சாலைக்கும் நடுவில் போய் நின்றேன். எழுபத்து மூன்று வயதில் என்னால் ஆனது அவ்வளவுதான். நல்லவேளை, அவர் நான் சொல்வதைக் கேட்டார். இந்த ஒருவர் கேட்டார்.

டெக்சாஸில், காப்பெல்லில் இருக்கும் நம் மகள் ஷாஹிதாவிடம் போனில் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு, "உங்களை யாராவது பாராட்டிட்டா போதும்மா, வேற எதுவும் கண்ணுக்குத் தெரியாது" என்றாள். பெற்ற தாயிடம் பேசுகிற பேச்சா என்று நான் கேட்கவில்லை. வேறு சமயமாக இருந்தால் கேட்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு கராஜுக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தேன். உங்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன், டார்ச்சைப் புடவையில் செருகினேன். அவன் என் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, மடித்து, அலமாரியில் வைத்தான். "அத்தாதான் போலீஸ். அம்மா போலீஸ் இல்ல" என்றான்.

நடந்ததைக் கேட்டு நந்தினிக்கும் தூக்கம் போய்விட்டது. அந்தப் போலீஸ் நடிகரையே ஒரு நாள் உடுப்போடு வீட்டுக்கு அழைத்து வந்தாள். அவர் கார்டை எடுத்துக் கை குலுக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். இலியாஸ் அவரை ஜன்னல் வழியாகப் பார்த்தான். குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலில் நின்றார். மன்னிக்க வேண்டும் மேடம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரை நான் எதற்கு மன்னிப்பது?

"ஆன்ட்டி, டைரக்டர்கிட்ட பேசி அந்த சீனையே கட் பண்ணச் சொல்லட்டுமா?" என்றாள் நந்தினி.

"வேண்டாம்மா. அது நல்ல சீன்" என்றேன்.

உண்மையாகத்தான் சொன்னேன். படம் பொய் சொல்லவில்லை, அத்தா. அதுதான் என் கஷ்டம். உட்கார்ந்து கையை விரித்தவர்களையும் தள்ளியிருக்கிறார்கள், எத்தனையோ செய்தியில் பார்த்திருக்கிறோம். நீங்கள் கற்றுக்கொடுத்தது நடக்கும் என்று உங்களுக்கு உண்மையிலேயே நம்பிக்கை இருந்ததா? அல்லது அவன் நம்பினால் போதும் என்று ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கண்ணாடியை மாட்டினீர்களா? என்னிடமாவது சொல்லியிருக்கலாமே.

போன செவ்வாய்க்கிழமை நூலகத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தோம். சிக்னலில் ஒரு போலீஸ் கார் நின்றது. அவன் கை என் பிடியில் இறுகியது. ஓடப் போகிறான் என்று தெரிந்தது. இழுத்துப் பிடிக்க எனக்கு பலம் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நான் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். ஆபரேஷன் செய்த முழங்காலோடு, கஞ்சி போட்ட புடவையோடு. கையை விரித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவன் ஓடவில்லை. என்னைக் குனிந்து பார்த்தான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தான். "அம்மாகிட்ட கார்டு இல்ல" என்றான். சொல்லிக்கொண்டே தன் சட்டைப் பாக்கெட்டுக்குள் கையை விட்டான்.

அத்தா, நீங்கள் எதைச் செய்யவே கூடாது என்று அத்தனை வருடம் சொன்னீர்களோ, அதைச் செய்தான். போலீஸ் கார் எதிரே நிற்க, பாக்கெட்டிலிருந்து கார்டை வெளியே எடுத்து என் கையில் வைத்தான். என் மகன் எனக்காகப் பயப்பட்டான் என்று சந்தோஷப்படுவதா, அந்தக் கையைப் பார்த்து நடுங்குவதா? இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது. காருக்குள் இருந்தவர் எங்களைப் பார்த்தார். பச்சை விழுந்தது, போய்விட்டார்.

எழுந்திருக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று உங்களுக்கு என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. கெட்டுப்போனதைத் திரும்பச் சரிசெய்யவும் எனக்குத் தெரியவில்லை. என் பெயரில் ஒரு கார்டு அடிக்கக் கொடுத்திருக்கிறேன், அவன் தன்னுடையதைத் தொடாமல் இருக்க. இனி அவன் வெளியே போகும் ஒவ்வொரு முறையும் நானும் போவேன். போலீஸைப் பார்த்தால் அவனுக்கு முன்னால் நான் தரையில் உட்காருவேன். மழையிலும் உட்காருவேன், எங்கே வேண்டுமானாலும் உட்காருவேன். எனக்குப் பிறகு யார் உட்காருவார் என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

உங்கள் மனைவி,
இலியாஸின் அம்மா
ஜமீலா