படம் அனுப்பும் முன் ஒரு வார்த்தை

அன்பு மகளுக்கு, எங்கள் வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். நேற்றுத்தானே போனில் அவ்வளவு நேரம் பேசினோம், இப்போது என்ன கடிதம், அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று பதறாதே, ஒன்றும் ஆகவில்லை. இது அப்பா எழுதச் சொன்ன கடிதம். ஏன் எழுதச் சொன்னார் என்பதை நடந்தது நடந்தபடி சொன்னால்தான் உனக்குப் புரியும். போனில் சொன்னால் நீ நடுவில் பத்துக் கேள்வி கேட்பாய், நான் எங்கே விட்டேன் என்பது எனக்கே மறந்துபோகும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, பேசாமல் படி.

முதலில் உனக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். நீ கிளம்புவதற்கு முன்னால் என் போனை வாங்கி, என்னைக் கேட்காமலே அந்தத் தையல் குழுவில் சேர்த்துவிட்டாயே, 'கிழிஞ்சதைத் தைப்போம்' என்று பேர் வைத்திருக்கிறார்களே, அதற்குத்தான். நாள் முழுக்க ஊரார் கிழிசலைத்தானே தைக்கிறேன், போனிலும் அதையே பார்க்கணுமா என்று அன்றைக்கு உன்னைத் திட்டினேன். இப்போது காலையில் டீ டம்ளரோடு அதைப் பார்க்காமல் மெஷினில் உட்காருவதில்லை. ஒரு பெண் ஸ்வெட்டரில் நெருப்புப் பட்ட ஓட்டையின் மேல் ஓர் இலையையே பின்னி மூடியிருந்தாள், எங்கே ஓட்டை என்று தேடினாலும் தெரியாது. ஒரு லாரி டிரைவர் இருக்கிறார், சீட்டு உறையை மீன் பிடிக்கிற நரம்பால் தைப்பார், கோணல்மாணலாக இருக்கும், ஆனால் ஆயுசுக்கும் பிரியாது. நீ போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது, அப்பாவும் பேச்சைக் குறைத்துக்கொண்டார், அந்த நாட்களில் எனக்கு நாலு பேரோடு பேசிய மாதிரி இருந்தது இந்தக் குழுதான். நல்லா இரு மகளே.

ஆனால் அங்கே நான் வாங்கிய குட்டு கொஞ்சமா நஞ்சமா. சேர்ந்த அன்றைக்கே உன் மாமா எனக்கு அனுப்பிய ரோஜாப்பூ காலை வணக்கத்தை அப்படியே தூக்கி அங்கே போட்டேன். ஐந்து நிமிஷத்தில் காணோம். அந்தக் குழுவை ஓர் அம்மா நடத்துகிறார், தன் படத்துக்குப் பதில் ஒரு நீலப் பொத்தானை வைத்திருப்பார், அதனால் எல்லாரும் பொத்தான் அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். அவர்தான் தனியாக எழுதினார், இங்க தச்ச துணி மட்டும்தான் அக்கா, பூ துணில இருந்தா போடுங்க என்று. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். உன் மாமாவோ என்னைவிடக் குதித்தான், என் ரோஜாவுக்கு என்ன குறைச்சல் என்று. போகப் போகத்தான் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. கிழிசலையும் காட்ட வேண்டும், தைத்ததையும் காட்ட வேண்டும். படத்தை வெளுப்பாக்கி மினுக்கக் கூடாது, தையல் மறைந்துவிடும். இன்னொருத்தர் தைத்ததைத் தன்னுடையது என்று போடக் கூடாது. கேட்டால் ஒழிய யாருக்கும் குறை சொல்லக் கூடாது, இதுதான் எனக்குப் பெரிய தண்டனை, லாரி டிரைவர் படம் போடும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு தடவை பேங்க் அதிகாரி ஒருவரின் பேன்ட்டு, உட்காரும் இடத்தில் கிழிந்தது, பிரமாதமாக ஒட்டுப் போட்டுவிட்டேன். பெருமை தாங்காமல் படம் எடுத்துப் போட்டேன். வாடிக்கையாளர் பேரும் இடுப்பளவும் எழுதித் துணியோடு ஊசி குத்தி வைப்பேனே, அந்தச் சீட்டை எடுக்கவே இல்லை. ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் அந்த மனுஷருடைய சுற்றளவு தெரிந்துபோனது. பொத்தான் அக்கா உடனே எடுத்துவிட்டு, அவர் பாத்தா சங்கடப்படுவார்ல, துணிக்காரர்கிட்ட கேட்டுட்டு சீட்ட எடுத்துட்டுப் போடுங்க என்றார். சரி என்று அடுத்த தடவை உஷாராகச் சீட்டை எடுத்துவிட்டேன், படம் எடுத்த பிறகு திரும்பக் குத்தும்போது பக்கத்தில் இருந்த பேன்ட்டில் குத்திவிட்டேன். பேங்க் அதிகாரிக்குப் போக வேண்டியது வாட்ச்மேனுக்கும், வாட்ச்மேனுடையது அவருக்கும் போயிற்று. இரண்டு பேருமே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுவந்தார்கள். அப்பாவிடம் சொன்னபோது வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார்.

கையால் மூடிக்கொண்டு என்று எழுதினேன் அல்லவா, இனி அதற்குத்தான் வருகிறேன். அப்பாவின் போனில் கேமரா கெட்டுப்போய்விட்டது என்பதை நீ இன்னும் நம்புகிறாய் என்று அவர் நம்புகிறார். நீ நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். நீ போன கொஞ்ச நாளில் ஒரு காலை வாய் கொப்பளிக்கும்போது ஒரு பக்கமாகத் தண்ணீர் வழிந்ததையும், டாக்டர் முகவாதம் என்று சொன்னதையும், பயப்பட ஒன்றுமில்லை என்றதையும் உன்னிடம் சொன்னோம். மெல்ல மெல்லச் சரியாகிறது என்றும் சொன்னோம், அதுவும் பொய்யில்லை. ஆனால் முழுக்கச் சரியாகவில்லை வாலு. இடது பக்கம் இன்னும் தொய்ந்துதான் இருக்கிறது. அந்தக் கண் முழுசாக மூடாது, நீர் வடிந்துகொண்டே இருக்கும். மூக்குக்கண்ணாடிக் கடையில் முன்னால் நின்று, வருகிறவர்களுக்குப் பிரேம் மாட்டி, நேராப் பாருங்க, இப்பச் சிரிங்க, இப்பக் குனிங்க என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷர், முதலாளியிடம் தானே கேட்டுப் பின்னறைக்குப் போய் லென்ஸ் தேய்க்கிறார். அந்த முதலாளி ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்றாரே, அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும். வீட்டில் சவரம்கூடக் கையால் தடவிப் பார்த்துத்தான் செய்துகொள்வார், நிலைக்கண்ணாடிப் பக்கமே போவதில்லை. யார் பார்த்தாலும் கூச்சம்தான், ஆனால் நீ பார்க்கவே கூடாது என்பதுதான் அவர் பிடிவாதம். நான் ஊர விட்டு வந்ததாலதான் இப்படின்னு நெனைப்பா, வேலைய விட்டுட்டு ஓடி வந்துடுவா என்பார். ஒரு போட்டோவாவது அனுப்பும்மா என்று நீ கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றியது இதனால்தான்.

போன வாரம் மாடி வீட்டு டீச்சரின் கம்பளிக் கோட்டு ஒன்று வந்தது, முழங்கையில் பூச்சி அரித்திருந்தது. நூலைத் தேடிப் பிடித்து நிறம் சேர்த்து இழை இழையாக ஓட்டினேன். டீச்சரிடம் கேட்டேன், தாராளமாப் போடுங்க என்றார். சீட்டு இல்லை, பேர் இல்லை, எல்லாம் சரி என்று அலமாரிக் கதவில் கோட்டை மாட்டிப் படம் எடுத்துப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அலமாரிக் கதவில் ஒரு பாதி நிலைக்கண்ணாடி. எனக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து, டாக்டர் சொன்ன முகப் பயிற்சியை அப்பா செய்துகொண்டிருந்திருக்கிறார், கன்னத்தை உப்பவைக்கிற பயிற்சி. கோட்டுக்காரரிடம் கேட்டேன், கண்ணாடிக்குள் இருந்தவரிடம் கேட்கவில்லை. என் கண்ணுக்கு என் தையல் மட்டும்தானே தெரியும்.

திரும்பி வந்து பார்த்தால் பொத்தான் அக்காவிடமிருந்து தனியாக ஒரு செய்தி. கோட்டுத் தையல் அருமை அக்கா, ஆனா கண்ணாடிக்குள்ள ஒருத்தர் உக்காந்திருக்கார், அவர்கிட்ட கேட்டீங்களா, இப்போதைக்கு நான் எடுத்து வச்சிருக்கேன், அவர் சரின்னா திரும்பப் போட்டுடலாம் என்று. எனக்குக் கை கால் ஓடவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கன்னத்தை உப்பிக்கொண்டு அப்பா. அழிச்சிடுங்க அக்கா, அவருக்குத் தெரியவே வேண்டாம் என்று எழுதினேன். அழிச்சாச்சு என்று உடனே பதில் வந்தது. பின்னாலேயே இன்னொன்றும் வந்தது, ஆனா அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அது அவர் முகம், கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வந்திருக்கு, அவருக்குத் தெரியாம இருக்கக் கூடாது. எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதே. முகம் காட்டாமல் பொத்தானுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு என் வீட்டு விஷயத்தில் இவள் யார் என்று பொரிந்து தள்ளினேன், மனசுக்குள்தான். அன்றைக்கு ஒரு சட்டைக்குக் கையை உள்பக்கம் வெளியே வைத்துத் தைத்துப் பிரித்தேன். மறுநாளும் ஒன்றும் ஓடவில்லை. அப்பா எதிரில் வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், இந்த வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறார், இரண்டு பேரும் திருப்பிக்கொண்டால் எப்படிக் குடித்தனம் நடத்துவது.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா கடையிலிருந்து வந்து கை கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். என்னங்க, ஒண்ணு சொல்லணும், கத்தக் கூடாது என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கத்தவில்லை. அந்தப் படத்தக் காட்டு என்றார். குழுவில்தான் இல்லை, என் போனில் இருந்தது, கொடுத்தேன். இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தார். போனைச் சுவரில் அடிக்கப் போகிறார் என்று நான் அடுப்புப் பக்கம் நகர்ந்துகொண்டேன். கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா, இந்த பிரேம் எவ்வளவு கோணலா உக்காந்திருக்கு, இத்தன நாளா நீ பாத்துட்டுதானே இருக்க, ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா, கடைக்கு வர்ற ஒருத்தர இப்படி வெளிய அனுப்புவேனா நான் என்றார். முகம் ஒரு பக்கம் தொய்ந்ததில் மூக்குக்கண்ணாடியும் அந்தப் பக்கமே சரிந்திருக்கிறது. நிலைக்கண்ணாடியே பார்க்காதவருக்கு அது எப்படித் தெரியும்.

உடனே அந்தச் சின்னக் குறட்டையும் திருப்புளியையும் எடுத்துவந்து ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்தார். கம்பியை வளைப்பார், மாட்டுவார், எதிர்ல நின்னு பாத்துச் சொல்லு என்பார். வாலு, இத்தனை மாசமாக என்னிடம்கூட அவர் வலது பக்கத்தைக் காட்டித்தான் பேசினார். அன்றைக்குத்தான் நேருக்கு நேராக முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், நானும் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. துக்கத்தில் இல்லை, என்னவோ வெளியூர் போன ஆள் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. பிரேமப் பாரு பாருங்கறேன், மூஞ்சியப் பாத்து அழுதுட்டு நிக்கறியே, நீயெல்லாம் எங்க கடையில ஒரு நாள் தேற மாட்ட என்று கிண்டல் வேறு. சரியாக உட்கார்ந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, இப்ப ஒண்ணு எடு, வெளுப்பாக்காத, உங்க குழுவுல எப்படியோ அப்படியே இருக்கட்டும் என்றார். எடுத்தேன். பார்த்துவிட்டு, ம், பிரேம் நேரா இருக்கு என்றார்.

நான் ஆசையாக, வாலுக்கு அனுப்பிடட்டுமா என்றேன். எங்கிட்டக் கேட்ட, சரி, அவகிட்ட யார் கேக்கறது என்றார். வேலைல இருப்பா, ரோட்டக் கடந்துட்டு இருப்பா, டொப்புன்னு போன்ல வந்து விழுந்தா புள்ள என்ன ஆவா, அவளும் சரின்னு சொல்லணும்ல என்றார். சரி, ராத்திரி பேசும்போது கேட்கிறேன் என்றேன். போன்ல கேக்காத, நான் பக்கத்துல இருக்கேன்னு உடனே அனுப்புன்னு சொல்லிடுவா, எழுதிக் கேளு, தனியா உக்காந்து யோசிச்சுச் சொல்லட்டும் என்றார். பொத்தான் அக்கா என்னிடம் கேட்டதை அவர் உனக்காகக் கேட்டார். அந்த அம்மாளுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன். சொல்லிட்டேன் அக்கா, நன்றி என்று மட்டும் எழுதினேன். ஒரு பொத்தான் படம் பதிலாக வந்தது. அவர் முகம் எப்படி இருக்கும் என்று இப்போதும் எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன்.

அதனால்தான் இந்தக் கடிதம். படத்தில் எப்படி இருக்கிறார் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். சாம்பல் நிறச் சட்டை. நரை கூடியிருக்கிறது. இடது கண் சின்னதாக, ஈரமாக இருக்கும். வாயின் இடது ஓரம் கீழே இறங்கியிருக்கும், சிரிக்கத்தான் பார்த்தார், பாதிதான் வந்தது. மீதியெல்லாம் உன் அப்பாதான். நீ போனதால் வந்ததில்லை இது, டாக்டரே சொல்லிவிட்டார், அந்த நினைப்பை உள்ளே விடாதே, வேலையை விட்டு ஓடி வருகிற பேச்சும் வேண்டாம். பார்த்த பிறகு ஒன்றுமே தெரியவில்லை என்று பொய் சொல்லாதே, அவருக்குப் பிடிக்காது. அழுகிற பொம்மைகளை வரிசையாக அனுப்பாதே. உன் தோழிகளிடம் காட்டத் தோன்றினால் அவரைக் கேட்டுவிட்டுக் காட்டு. மாமாவுக்கு மட்டும் தப்பித்தவறியும் அனுப்பிவிடாதே, ரோஜாப்பூ நடுவில் வைத்துக் காலை வணக்கம் போட்டுவிடுவான்.

இப்போது முடியாது, கொஞ்ச நாள் போகட்டும் என்று தோன்றினால் அதையும் தயங்காமல் சொல்லு, அவர் வருத்தப்பட மாட்டார், அதையும் சேர்த்து எழுதச் சொன்னார். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நான் அனுப்பிய போர்வையின் ஓரம் பிரிந்திருந்தால் இரண்டு படமும் அனுப்பு, கிழிந்ததும் நீ தைத்ததும். நோய் நொடி அண்டாமல், நல்லவர்கள் நடுவில் நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

வாலு, அப்பா படம் அனுப்பட்டுமா?

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அம்மா

(அப்பா எதிர்பார்க்கவில்லை என்று எழுதச் சொன்னார். சொல்லிவிட்டு, தபால் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்று காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டார்.)